ஓரணாச் சந்தாவும் சனிக்கிழமைக் கூட்டமும்

சங்கம் என்னும் சொல் தமிழருக்கு மிகப் பழையது. அச்சொல்லைக் கேட்ட அளவிலே மதுரையும் புலவர் அவையும் நம் உள்ளத்தில் எழுகின்றன. ஆயினும், பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களிடையே அச்சொல் நெடுநாளாக இருபொருளில் வழங்கி வந்தது. ‘அப்பா சங்கத்துக்குப் போயிருக்கிறார்’ என்று வாசலில் நின்ற பிள்ளை சொன்னால், நாடக ஒத்திகைக்கா, அலுவலகத்து ஊழியர் கூட்டத்துக்கா என்று வந்தவர் மீண்டும் கேட்டறிய வேண்டியிருந்தது. முதற் சங்கத்தைப் பற்றி நம் ஆண்டு விழா மலர்களில் நிறைய எழுதியிருக்கிறோம். மற்றொரு சங்கத்தைப் பற்றி எழுதினோமில்லை. மாதந்தோறும் சந்தா கட்டி, நெருக்கடி நேரத்தில் அதன் வாயிலில் போய் நின்று, அதனால் உதவி பெற்ற குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆதலின் இவ்வாண்டு அதன் பிறப்பை ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

அதன் மூலத்தைத் தேடிப் புறப்படுவோர் தில்லியில் தொடங்கிச் சென்னைப் பெரம்பூரில் போய் நிற்பர். இந்தியாவில் உறுப்பினர் பட்டியலும், முறையான சந்தாவும், பொறுப்பாளரும், தொடர்ந்த கூட்டமும் உடையதாய் எழுந்த முதல் தொழிற்சங்கம் எனப் பலராலும் கொள்ளப்படுவது, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமே. அதற்கு முன் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. பம்பாயில் நாராயண மேகாஜி லோகாண்டே என்பார் 1890இல் ஆலைத் தொழிலாளர் கழகம் ஒன்றைக் கண்டார். அவர் தொண்டு பெரிது. ஆனால் அக்கழகத்திற்கு உறுப்பினர் பட்டியலும் நிதியும் விதிகளும் இருந்ததில்லை. தலைவர் ஒருவர் தொழிலாளருக்காகப் பேசுவது வேறு. தொழிலாளர் தாமே காசு கட்டித் தமக்கென ஓர் அமைப்பை நடத்துவது வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் இரண்டு பெரும் பஞ்சாலைகள் இயங்கின. பக்கிங்காம் ஆலை 1876இல் தொடங்கியது. கர்நாடிக் ஆலை 1881இல் தொடங்கியது. இரண்டும் பின்னர் ஒன்றாயின. நம்மவர் நாவில் ‘பி அண்டு சி மில்’ என்று வழங்கியது அதுவே. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலையில் வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என வரம்பு கட்டியது. பன்னிரண்டு மணி என்பது அந்நாளில் சலுகை! இடையே உணவுக்கு விட்ட பொழுது முப்பது நிமிடம். அம்முப்பது நிமிடத்துள் இயந்திரத்தை விட்டு வெளியே வரவேண்டும். பஞ்சுத் தூசியைக் கழுவவேண்டும். வீட்டிலிருந்து வந்த சோற்றை உண்ணவேண்டும். சங்கு ஒலிக்குமுன் மீண்டும் தறியருகே நிற்கவேண்டும். மேஸ்திரியின் சொல்லே சட்டம். குறையைச் சொல்ல ஓர் இடமும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதை அறிவிப்பாரும் இல்லை.

இந்நிலையில் அவர்கள் குறையைக் கேட்ட முதற் செவி எந்த அரசியல் தலைவருடையதும் அன்று. ஆலைப் பக்கத்தில் வாணிகம் செய்துவந்த கோ. செல்வபதி செட்டியாரும் அவர் தோழர் கோ. இராமாநுஜலு நாயுடுவுமே அக்குறைகளை முதலில் கேட்டவர்கள். அவர்கள் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபையை நடத்திவந்தனர். ஆலைத் தொழிலாளர் அங்கே சமயச் சொற்பொழிவு கேட்க வருவர். கடைக்குச் சாமான் வாங்க வருவர். வந்த இடத்தில் மனத்திலுள்ளதைச் சொல்லுவர். போர்க்காலம் அது. துணி விலையும் தானிய விலையும் ஏறிக்கொண்டே இருந்தன. கூலி அவ்விரைவில் ஏறவில்லை. பல நாள் பல வாயாற் கேட்ட ஒரே துன்பம் அவ்விருவரையும் சும்மா இருக்கவிடவில்லை. தொழிற்சங்கத்தின் வரலாறு எழுதுவோர் பலர் பெருந்தலைவரிடமிருந்தே தொடங்குவர். நாம் இக்கடையிலிருந்து தொடங்குவதையே விரும்புகிறோம். கேட்பார் உண்டு என்று அறிந்த பின்னரே மனிதன் பேசத் துணிகிறான்.

1918 மார்ச் 2ஆம் நாள் அச்சபையின் ஆதரவில் தொழிலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் திரு. வி. கலியாணசுந்தரனார் பேசினார். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்து, அப்பணியைத் துறந்து, 1917 டிசம்பரில் தொடங்கிய ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றிருந்த காலம் அது. அடுத்து நண்பர் இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்தை நாடிச் சென்றனர். அங்கே அவர்களுக்குத் துணைவராய் வாய்த்தவர் பி. பி. வாடியா. பம்பாயில் பிறந்த பார்சியர், பிரம்மஞான சபையினர், முந்திய ஆண்டில் அம்மையாருடன் உதகையில் காவலில் வைக்கப்பட்டவர். தமிழ் அறியாதவர். ஏப்ரல் 13ஆம் நாள் அவர் தொழிலாளரிடையே முதன்முதல் பேசினார். இரு வாரத்தில் சங்கம் உருவாயிற்று. வாடியா தலைவர், திரு.வி.க.வும் திவான் பகதூர் பி. கேசவப் பிள்ளையும் துணைத் தலைவர். செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் செயலாளர்.

மார்ச் 2, ஏப்ரல் 13, ஏப்ரல் 27 ஆகிய இம்மூன்று நாள்களையும் பழைய நாட்காட்டியில் வைத்துப் பார்த்தோம். மூன்றும் சனிக்கிழமைகள்! மறுநாள் ஆலைக்கு விடுமுறை. வாரத்தில் ஒரு மாலைதான் தொழிலாளிக்குச் சொந்தமாய் இருந்தது. அம்மாலையைச் சங்கம் தனதாக்கிக் கொண்டது. பின்னும் வாரந்தோறும் கூட்டம் கூடிற்று. வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், திரு.வி.க. போன்றோர் அதைத் தமிழிற் சொல்லுவர். எழுத்தறிந்தவர் மிகச் சிலரே ஆகிய அக்கூட்டத்திற்குச் செய்தித்தாள் அந்த மேடையே. சென்ற வாரம் ஆலை நிர்வாகத்திற்கு என்ன எழுதினோம், அவர்கள் என்ன விடை தந்தார்கள், எதைக் கேட்கலாம், எதை இப்போது கேட்கலாகாது, யாரும் கைகலப்பில் இறங்கலாகாது என்பனவெல்லாம் அங்கே சொல்லப்பட்டன. உணவு இடைவேளை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் ஆனது இச்சங்கம் கண்ட முதல் வெற்றிகளுள் ஒன்று. பத்து நிமிடந்தானே என்று இன்று நகைப்போர் இருக்கலாம். ஓடி வந்து விழுங்கி ஓடியவனுக்கு, அமர்ந்து உண்ணக் கிடைத்த பத்து நிமிடம் அது.

இதே பருவத்தில் அகமதாபாத்திலும் ஒரு புதுமை நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடல் வேண்டும். 1918 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் அங்கே நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் காந்தியடிகளும் அனசூயா சாராபாய் அம்மையாரும் அன்றாடம் சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் தொழிலாளரைக் கூட்டினர். துண்டறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டுப் படித்துக் காட்டினர். பெரம்பூரார் அகமதாபாத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொல்வதற்கில்லை. தேவை ஒன்றாயிருந்தமையின் வழியும் ஒன்றாயிற்று. அடைத்த ஆலையின் வெளியே நிற்கும் தொழிலாளியைத் தின்பது பசி மட்டுமன்று, வதந்தியும் தின்னும். ‘நாளை கதவு திறக்கப் போகிறதாம், முன்னே போனவனுக்கே வேலையாம்’ என்னும் ஒரு சொல் போதும், ஆயிரம் பேர் உறுதியைக் கலைக்க. அதற்கு மாற்று, மாலைதோறும் மெய்யை எடுத்துரைக்கும் ஒரு குரலேயாம்.

திரு.வி.க.வின் பங்கு இவ்விடத்தில் தனியே நினைக்கத்தக்கது. தொழிற்சங்கப் பேச்சுக்குரிய சொற்கள் அந்நாளில் தமிழில் நிலைபெறவில்லை. ஆலைக்காரர் சொல்லும் ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒப்பித்தால் கேட்பவனுக்கு விளங்காது. பண்டித நடையிற் சொன்னாலும் விளங்காது. மேடையிலும், ‘தேசபக்தனி’லும், 1920 அக்டோபரில் அவர் தொடங்கிய ‘நவசக்தி’ இதழிலும், தொழிலாளி தன் நிலையைத் தானே எடுத்துரைக்கத்தக்க தமிழை அவர் பழக்கிவிட்டார். இன்று வேலைநிறுத்தம் என்றும் கதவடைப்பு என்றும் எளிதாக எழுதுகிறோமே, அவ்வெளிமைக்குப் பின்னால் அவரைப் போன்றோரின் சனிக்கிழமைகள் பல இருக்கின்றன.

சொல் ஒரு கை. சோறு மறு கை. சங்கத்தின் மாதச் சந்தா ஓரணா. அவ்வணாவைத் திரட்டிச் சங்கம் வெறும் கொடி தைக்கவில்லை. கள்ள அளவையாலும் உயர்ந்த விலையாலும் வதைந்த தொழிலாளருக்கு நேர்மையான அளவில் அரிசி கிடைக்கக் கடை வைத்தது. 1918 செப்டம்பரில் சென்னை நகரில் தானிய விலை பொறாது கலகம் மூண்டது என்பதை நினைத்தால், படி அரிசியைச் சரியாக அளந்து கொடுத்தல் அன்று எத்தகைய பேருதவி என்பது புலனாகும். செல்வந்தர் ஒருவர் நன்கொடையால் இவையெல்லாம் நடந்திருந்தால் அது அறச்சாலை ஆகியிருக்கும். ஓரணா கட்டியவன், ‘என் அணா எங்கே போயிற்று?’ என்று கேட்கலாம். கேட்டால் விடை சொல்லியே ஆகவேண்டும். அக்கேள்வியே அவனைச் சங்கத்தின் உறுப்பினன் ஆக்கியது என்பது நம் துணிபு.

வாடியா 1919இல் இலண்டன் சென்று, இந்தியச் சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின்முன் சென்னைத் தொழிலாளர் நிலையைச் சாட்சியமாக எடுத்துரைத்தார். அவ்வாண்டு இறுதியில் வாஷிங்டனில் கூடிய முதல் அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டிலும், இந்தியத் தொழிலாளர் பேராளராய்ச் சென்ற என். எம். ஜோஷிக்கு ஆலோசகராய் இருந்தார். பெரம்பூர்த் தோட்டத்தில் சொல்லப்பட்ட குறை ஈராண்டுக்குள் உலக அவையை எட்டியது.

ஆலை நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? 1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையின் நெசவுப் பகுதியில் ஒரு பதவி பற்றி எழுந்த பிணக்கு கதவடைப்பாய் முற்றியது. டிசம்பரில் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். அதனினும் கூரிய படைக்கலம் ஒன்றை நிர்வாகம் எடுத்தது. ஒப்பந்தத்தை முறிக்கத் தொழிலாளரைத் தூண்டினர் என்று சங்கத் தலைவர்மேல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தது. இடைக்காலத் தடையும் பெற்றது. அத்தடையின் பொருளை உன்னிப் பார்க்கவேண்டும். அது பூட்டியது சங்கத்தின் பணப்பெட்டியை மட்டுமன்று, நாவையும் பூட்டியது. தொழிலாளரிடம் நிலைமையை எடுத்துச் சொல்வதே குற்றமாகிவிட்டால் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி நடக்கும்?

இந்த ஆயுதம் பின்னி நிறுவனத்தார் புதிதாய்க் கண்டதன்று. 1901இல் இங்கிலாந்தில் டாஃப் வேல் இருப்புப்பாதை வழக்கில், வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்திற்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. அச்சங்கம் 23,000 பவுன் ஈடுகட்ட நேர்ந்தது. அதைக் கண்டு அந்நாட்டுத் தொழிலாளர் கொதித்தெழ, 1906இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அத்தகைய வழக்குக்கு இடமின்றிச் செய்தது. ஆகவே பிரித்தானிய முதலாளி தன் நாட்டில் செய்ய இயலாததை, பதினான்கு ஆண்டு கழித்துச் சென்னையில் செய்தான்! அவன் நாட்டுத் தொழிலாளிக்குக் கிடைத்த காப்பு நம் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. 1921 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. வாடியா சங்கத்திலிருந்து விலகுவது என்பதும், வழக்கைக் கைவிடுவது என்பதும் அதன் முடிவு. தொழிலாளர் ஆலைக்குத் திரும்பினர். பொறுப்பு திரு.வி.க.வின் தோள்மேல் ஏறியது.

இங்கேதான் கதை தில்லிக்கு வருகிறது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், புதிதாய்க் கூடிய மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களுக்குச் சட்டக் காப்பு வேண்டும் என்று ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். சென்னையில் நேர்ந்ததே அதற்கு உடனடிக் காரணம். வட்ட வடிவ நாடாளுமன்ற மாளிகை அன்று இல்லை. அது 1927 சனவரியில்தான் திறக்கப்பட்டது. சட்டசபை கூடியது பழைய தலைமைச் செயலகத்தில், அதாவது இந்நாளில் தில்லி சட்டமன்றம் கூடும் வெள்ளை மாளிகையில். அவ்வழியே செல்லும் நம் அன்பர்கள், பெரம்பூர் நெசவாளியின் வழக்கு அக்கூரையின் கீழ்ப் பேசப்பட்டது என்பதை நினைவில் வைக்கலாம். தீர்மானத்தை அரசு ஏற்றது. ஏற்றுச் சட்டமாக்க ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டது!

அவ்வைந்து ஆண்டின் தொடக்கத்திலேயே பெரம்பூர்ச் சங்கம் முறிந்தது. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. 1921 கோடையில் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு ஆலைக்கும் பரவி ஆறு திங்கள் வரை நீண்டது. தொழிலாளருள் சாதி இந்துக்களும் இசுலாமியரும் ஆதிதிராவிடரும் இருந்தனர். இம்முறை ஆதிதிராவிடருள் பெரும்பாலார் வெளியே நிற்கவில்லை, வேலைக்குச் சென்றனர். பகை மூண்டது. சூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29ஆம் நாள் போலீசு துப்பாக்கிச் சூட்டில் மீண்டும் உயிர்கள் மாய்ந்தன. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து நாடு கடத்தப்படலாம் என்று எச்சரித்தார். அக்டோபரில் தொழிலாளர் ஒன்றும் பெறாமலே ஆலைக்குத் திரும்பினர்.

வேலைக்குச் சென்றோரைக் காட்டிக்கொடுத்தவர் என்று அன்று ஏசியவர் பலர். அவ்வேச்சில் நாம் சேர மாட்டோம். முந்திய கதவடைப்பில் அம்மக்களும் மாதக் கணக்கில் பட்டினி கிடந்தவர்களே. நிலமோ நகையோ அடகு வைக்க இல்லாதவருக்கு இரண்டாம் பட்டினி முதற் பட்டினியை ஒத்ததன்று. எம். சி. ராஜா போன்ற அவர்தம் தலைவர் வேறு அறிவுரை கூறினர். நிர்வாகமும் அரசும் அப்பிளவைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டன. இவை உண்மையே. ஆனால் அதற்கு முன்னரே ஒன்று நடந்திருந்தது. ஊருக்கு ஒரு பக்கத்திலே நிகழ்ந்த பேச்சும் முடிவும் சேரிப் பக்கத்தைச் சமமாக எட்டவில்லை. அத்தெருவின் அடுப்பைப் பற்றிய கணக்கு முடிவு செய்தோர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. எல்லாரிடமும் அணா வாங்கிய சங்கம், முடிவெடுக்கும்போது எல்லாரையும் ஒப்பக் கேட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை மேடை எட்டாத தெருவிலே சங்கம் இல்லை என்றே கொள்ளவேண்டும். பட்டியலில் பெயர் இருந்து பயனென்ன? அடுத்த ஆண்டிலேயே நிர்வாகம் ஆலைக்குள் தானே தொழிலாளர் நலக் குழு ஒன்றை அமைத்து, குறை கேட்கும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எதிராளியும் சங்கத்தின் உயிர்நிலை எங்கே என்பதைக் கண்டுகொண்டான்!

சட்டம் 1926இல் நிறைவேறி, 1927 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் எனப் பெயர் கொண்டது. வழக்கறிஞர்க்கே உரிய நூல் என்று அதைத் தள்ளிவிடாமல் ஒருமுறை படித்துப் பார்த்தோர், அதில் பெரம்பூரின் சுவடுகளைக் காண்பர். ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்றது. தொழில் தகராற்றை முன்னிட்டு ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினர் என்னும் காரணத்தால் மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின்மேல் உரிமை வழக்கு நில்லாது என்று அதன் 18ஆம் பிரிவு கூறியது. வாடியாவின் நாவைக் கட்டிய கயிறு அங்கே அறுந்தது. சங்கத்தின் பொதுநிதியை எவற்றிற்குச் செலவிடலாம் என 15ஆம் பிரிவு வரிசைப்படுத்தியது. உறுப்பினர் நோயுற்றால், விபத்துக்கு ஆளானால், வேலை இழந்தால், மூப்படைந்தால், மாண்டால் அவருக்கோ அவரைச் சார்ந்தோர்க்கோ உதவலாம். அவர் மக்களின் கல்விக்குச் செலவிடலாம். தொழில் தொடர்பான செய்திகளை ஆராயும் இதழ் ஒன்றையும் நடத்தலாம். சோறும் சொல்லும் ஒரே பிரிவில் அருகருகே அமர்ந்தன. கணக்குப் புத்தகத்தைப் பார்வையிட உறுப்பினர் எவர்க்கும் உரிமை உண்டு என்றது 20ஆம் பிரிவு. ‘என் அணா எங்கே?’ என்னும் கேள்வி சட்டமாயிற்று.

இம்மசோதா தில்லிக்கும் சிம்லாவுக்கும் கோப்புகளோடு ஏறி இறங்கிய அதே ஆண்டுகளில், அக்கோப்புகளைச் சுமந்து அரசாங்கத்துடன் இடம் பெயர்ந்தவருள் தென்னாட்டு எழுத்தரும் இருந்தனர். தம் மக்களுக்காக 1923இல் அவர்கள் கண்ட பள்ளியே பிற்காலத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. மசோதாவின் படி ஒன்றைத் தட்டெழுதியவர் நம்மவருள் ஒருவராய் இருந்திருக்கலாம். சான்று இல்லை, எண்ணிப் பார்ப்பதில் இன்பம் உண்டு.

அரசு ஊழியராகிய அவ்வெழுத்தருக்கு இச்சட்டத்தின் நிழல் முழுதும் கிட்டவில்லை. அவர்தம் சங்கங்கள் அரசின் அங்கீகாரத்தைச் சார்ந்தே நின்றன. ஆயினும் வேலைமுறை பெரம்பூர் காட்டியதே. நாடு விடுதலை பெற்ற ஆண்டில், சீனிவாச வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக் குழு, கடைநிலை ஊழியரின் குறைந்த ஊதியம் அகவிலைப்படி உட்பட 55 ரூபாய் என்றது. 1957இல் தில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்த கூலியை மனிதனின் தேவையைக் கொண்டு அளக்கவேண்டும் என முடிவு செய்தது. கணவன், மனைவி, குழந்தைகள் இருவர் ஆகியோரை மூன்று நுகர்வு அலகாகக் கொள்க, முதிர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை தனியே, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு. உணவுக் கணக்கு டாக்டர் அய்க்ராய்டு வகுத்தது. அவர் நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த ஊட்டச் சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராய் விளங்கியவர்.

இக்கணக்கைத் தொழிலாளர் மாநாட்டு அறிக்கையில் எத்தனை எழுத்தர் படித்திருப்பர்? கிளைச் சங்கத்தின் செயலாளர், நண்பகல் உணவு வேளையில் புல்தரையில் நின்று எடுத்துச் சொன்னபோதே அது ஊழியரின் கோரிக்கை ஆயிற்று. குறைந்த ஊதியம் 125 ரூபாய் வேண்டும் என்றனர். ஜகந்நாத தாஸ் தலைமையிலான இரண்டாம் ஊதியக் குழு 1959இல் தந்தது 80 ரூபாய். 1960 சூலை 11 நள்ளிரவில் மைய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி ஐந்து நாள் நடந்தது. அவசரச் சட்டம் பாய்ந்தது. சிறை புகுந்தவர் பலர். பங்குகொண்ட சங்கங்கள் அங்கீகாரம் இழந்தன. வானொலி அரசின் கையில் இருந்தது. ஊழியர் பக்கத்துச் செய்தி துண்டறிக்கையிலும் வாய்மொழியிலுமே பரவவேண்டியிருந்தது.

கலந்து பேசுதற்கென 1966இல் கூட்டு ஆலோசனை அமைப்பு ஏற்பட்டது. தேவைக்கேற்ற ஊதியம் என்னும் பழைய கோரிக்கை அங்கும் தீராமற்போகவே, 1968 செப்டம்பர் 19ஆம் நாள் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஒரே நாள்தான், ஆனால் அதன் துன்பம் மாதக் கணக்கில் நீடித்தது. நிரந்தரம் ஆகாத ஊழியர் பலர் வேலைநீக்க அறிவிப்புப் பெற்றனர். தில்லிக் குடும்பத்திற்கு அதன் பொருள் என்ன? வேலை போனால் சம்பளம் மட்டும் போவதன்று. அரசுக் குடியிருப்பும் போகும். குடியிருப்பு போனால் பிள்ளைகளின் பள்ளி போகும். ஊருக்குத் திரும்ப இரண்டு இரவுப் பயணம்; திரும்பினால் அங்கே சொல்ல ஒரு விடை வேண்டும். அத்தகைய வீட்டிற்கு மாலையில் ஒருவர் வந்து, ‘மேல்முறையீடு இன்ன நாளில் போயிருக்கிறது, இன்ன தாளில் கையொப்பம் வேண்டும், நிவாரண நிதியிலிருந்து இம்மாதத்துக்கு இது’ என்று சொல்லிப் போனால், அவ்வீட்டார் அன்றிரவு உறங்குவர். அம்மூன்று சொற்றொடர்களுக்காகவே மற்ற நாள்களில் சந்தா கட்டினர் எனலாம். பணிக்கு மீண்டவர் மீண்டனர். சிலர் பல ஆண்டு காத்திருந்தனர்.

பெரம்பூர் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. 1926ஆம் ஆண்டின் சட்டம், நாடாளுமன்றம் 2020இல் இயற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கியது. சந்தாவின் கதையை மட்டும் சொல்லி முடிக்கிறோம். 1918இல் பெரம்பூரார் தாமே விதித்துக்கொண்டது மாதம் ஓரணா. 1960இல் பழைய சட்டத்தைத் திருத்தியபோது, உறுப்பினரிடம் மாதம் 25 நயாபைசாவுக்குக் குறையாமல் வாங்கவேண்டும் என்று விதித்தனர், அது நாலணா. 2001இல் மீண்டும் திருத்தி, கிராமத் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளர்க்கு மூன்று ரூபாய், ஏனையோர்க்குப் பன்னிரண்டு ரூபாய் என்றனர். ஏனையோர் பங்கை மாதத்திற்குப் பிரித்தால் ஒரு ரூபாய்; பழைய கணக்கில் பதினாறு அணா.